மிளகு விழாத சிவப்பு டிஸ்கஸ்

டிஸ்கஸ் என்பது தட்டு மாதிரி வட்டமான தொட்டி மீன். நான் முதன்முதலில் வாங்கிய சிவப்பு டிஸ்கஸ் ஜோடி மூன்றே மாதத்தில் வெளிறிய மஞ்சளாகிவிட்டது. நோயெல்லாம் இல்லை, நன்றாகவே தின்றது. கடையில் நிறத் தீனி போட்டு ஏற்றிய சிவப்பு அது. நான் போட்டதோ வெறும் மாட்டு இதயம். (அதற்கென்று வீட்டில் தனி மிக்ஸி ஜார் வாங்கிய பிறகுதான் சமையலறைக்குள் அனுமதி கிடைத்தது.)

தாய் தகப்பன் தேர்வில் முதல் வேலை இதுதான்: தீனியில் வந்த நிறத்தை இறக்கிவிடுவது. இறால், ஆர்ட்டீமியா என்னும் பொடி உப்புநீர் இறால், ஸ்பைருலினா பாசி, அஸ்டாக்சாந்தின் என்ற சிவப்பு நிறமி கலந்த குருணை எல்லாவற்றையும் இரண்டு மூன்று மாதம் நிறுத்துங்கள். அதற்குப் பிறகும் மீனில் நிற்கிற சிவப்புதான் குஞ்சுக்குப் போகும். இரண்டு அங்குலக் குஞ்சு வளர்ந்த மீன் மாதிரி ஜொலித்தால் வாங்கவே வேண்டாம். அது பெரும்பாலும் ஹார்மோன் வேலை, பின்னால் முட்டையும் சரியாக இருக்காது.

நான் பிடித்துக்கொண்டிருப்பது பிஜியன் பிளட் வகை. 1990களின் தொடக்கத்தில் தாய்லாந்திலிருந்து வந்தது. சாதாரண டிஸ்கஸில் இருக்கும் ஒன்பது கறுப்புப் பட்டைகள் இதில் கிடையாது. பதிலுக்கு உடம்பெல்லாம் மிளகுத்தூள் தூவியது போல் கரும்புள்ளி விழும். அந்த மிளகைக் குறைத்துச் சிவப்பை ஏற்றுவதுதான் என் குறி. நீங்களும் இப்படி ஒரே ஒரு குணத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். சிவப்பும் வேண்டும், கண்ணும் சிவக்க வேண்டும், உருவமும் பெரிதாக வேண்டும் என்று ஆரம்பித்தால் மூன்றும் கிடைக்காது.

ஜோடியாக வாங்குவதைவிட எட்டுக் குஞ்சுகளை ஒன்றாக வளர்த்து, அவை தாமாகச் சேர்வதற்குக் காத்திருப்பதே எனக்குச் சரிப்பட்டது. ஒரு வருடம் ஆகும். முட்டையிடும்போது வயிற்றுக்கடியில் குழாய் நீளும். பெண்ணுக்கு அகலமாக மழுங்கியும், ஆணுக்கு மெல்லியதாகக் கூர்ந்தும் இருக்கும். இதைப் பார்க்கத் தெரியாமல் இரண்டு பெண்களை ஜோடி என்று நம்பி நாலு மாதம் ஓட்டினேன். இரண்டும் மாறி மாறி முட்டை வைத்தன, எல்லாம் வெளுத்துப் போயின.

முட்டை வெளுக்க இன்னொரு காரணம் தண்ணீர். எங்கள் சென்னை அயனாவரத்து போர் தண்ணீரில், கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் 1,100 காட்டும். ஆர்ஓ தண்ணீர் கலந்து 100க்குக் கீழே இறக்கிய பிறகுதான் முட்டை பொரிந்தது. வெப்பம் 29, 30 டிகிரி. தெருமுனைப் பாதாம் மரத்தின் காய்ந்த இலை இரண்டு போடுவேன். ஒன்றரை அடி கனசதுரத் தொட்டி, தரையில் மணல் கிடையாது, முட்டை வைக்க ஒரு கவிழ்த்த பூந்தொட்டி, அவ்வளவுதான். பூஞ்சை பிடிக்காமலிருக்க மெத்திலின் ப்ளூ சில சொட்டு. சுமார் இரண்டரை நாளில் பொரியும், அதற்கப்புறம் மூன்று நாளில் குஞ்சு நீந்தும்.

நிறத்துக்காக வளர்ப்பவர் மாட்டிக்கொள்ளும் இடம் இங்கேதான். டிஸ்கஸ் குஞ்சு முதல் நாட்களில் தின்பது தாய் தகப்பன் தோலில் ஊறும் கோழையை. அந்தச் சமயத்தில் பெற்றோர் உடம்பு கறுக்கும், அந்தக் கறுப்பைப் பார்த்துத்தான் குஞ்சு வந்து ஒட்டும். பிஜியன் பிளட்டுக்குக் கறுக்கத் தெரியாது! என் முதல் ஈட்டுக் குஞ்சுகள் அத்தனையும் கறுப்பு ஸ்பாஞ்ச் ஃபில்டரைப் போய் மொய்த்துக்கொண்டு பட்டினியில் செத்தன. இப்போது ஃபில்டரையும் ஹீட்டரையும் வெளியே எடுத்து, காற்றுக்கு ஒரு கல் மட்டும் விட்டு, தண்ணீரை எட்டு அங்குலத்துக்கு இறக்கிவிடுகிறேன். குஞ்சு போக வேறு இடமில்லை. ஹீட்டர் இல்லாத சமாளிப்பு சென்னை வெயிலில்தான் நடக்கும், டிசம்பரில் முட்டைக்கு விடாதீர்கள். ஒட்டியபின் பார்க்க வேண்டும்: ஆண் களைத்தால் உடம்பை ஒரு சிலுப்பு சிலுப்பும், மொத்தக் கூட்டமும் பெண் மேல் தாவும்.

நீந்திய ஐந்தாம் நாளிலிருந்து புதிதாகப் பொரித்த ஆர்ட்டீமியா. மூன்று வாரத்தில் பிரித்துவிடலாம். தினமும் பாதித் தண்ணீர் மாற்ற வேண்டும். அதில் சோம்பல் படுபவர் இதைத் தொடவே வேண்டாம்.

கலப்பைப் பற்றி. பிஜியன் பிளட் ஓங்கும் குணம். தாய் தகப்பனில் ஒருவரிடமிருந்து மட்டும் அந்த மரபணு வந்த மீனை ரெட் டர்க்கைஸ் என்ற இன்னொரு டிஸ்கஸ் வகையோடு சேர்த்தால் ஏறக்குறையப் பாதிக் குஞ்சுகள் பிஜியன் பிளட்டாக வரும். சிவப்பும் உருவமும் கூடும், ஆனால் மிளகும் கொட்டும். முகம் சுளிக்காமல் அதில் மிளகு குறைந்த நாலைந்தை வைத்துக்கொண்டு, பழைய சுத்தமான வம்சத்தோடு திரும்பச் சேர்க்க வேண்டும். அண்ணன் தங்கையையே தலைமுறை தலைமுறையாகச் சேர்த்தால் செவுள் மூடி குட்டையாகும், உடம்பு நீளும், கண் மட்டும் பெருக்கும். எந்தச் சிவப்பானாலும் செவுள் குறையுள்ள மீனை நான் ஜோடி சேர்ப்பதில்லை.

வேண்டாத குஞ்சைக் கழிப்பதில் அவசரம் கூடாது. இரண்டு மாதத்தில் சாம்பலாக நின்ற குஞ்சு எட்டாம் மாதத்தில் சிவந்ததைப் பார்த்திருக்கிறேன். கருத்த பின்னணியில் மிளகு கூடும் என்பதால் எல்லாத் தொட்டிக்கும் பின்னால் ஒரே வெளிர்நீலத் தாள்தான் ஒட்டியிருக்கிறேன். கடைசித் தேர்வுக்கு மட்டும் தாளை எடுத்துவிட்டுக் கறுப்பு அட்டை வைப்பேன், பத்து நாள். அதிலும் சுத்தமாக நிற்பது எதுவோ அதுதான் அடுத்த தகப்பன். கழித்தவற்றைக் கொளத்தூரில் ஒரு வியாபாரியிடம் கொடுத்துவிடுவேன், மின்சாரக் கட்டணத்துக்கு ஓரளவு ஆகும்.

இப்போது மூன்றாம் தலைமுறையில் பதினோரு மீன் நிற்கிறது. உடம்பு சுத்தம். வாலில் மட்டும் மிளகு இன்னும் போகவில்லை.