முதல் வேலை, முதல் அறை: சென்னையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆண்டுதோறும் ஜூன், ஜூலை மாதங்களில் தெரியாத எண்களிலிருந்து எனக்கு அழைப்புகள் வரும். "அண்ணே, நான் கோவில்பட்டியிலிருந்து பேசுகிறேன். மளிகைக் கடை சித்தப்பா உங்கள் நம்பரைக் கொடுத்தார். சென்னையில் வேலை கிடைத்திருக்கிறது" என்று பேச்சு ஆரம்பிக்கும். 2014இல் நானும் இப்படித்தான் யாரோ கொடுத்த நம்பரை நம்பி, ஒரு பையும் சுருட்டிய பாயுமாக எழும்பூரில் இறங்கினேன். அதன் பிறகு நான்கு வீடு மாறிவிட்டேன். இப்போது வருகிற பிள்ளைகள் நான் விழுந்த அதே குழியைத் தேடிப்பிடித்து விழுவதைப் பார்த்தால் பரிதாபத்துக்கு முன்னால் எரிச்சல்தான் வருகிறது. போன வாரமும் ஒருவன் விழப் பார்த்தான். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

பர்ஸைப் பத்திரமாக வைத்துக்கொள், வேலை வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்பவனை நம்பாதே, நேரத்துக்குச் சாப்பிடு என்பதையெல்லாம் அப்பா பஸ் ஏற்றிவிடும்போதே சொல்லியிருப்பார். அவற்றை நான் தொடவில்லை.

ஆண்டுச் சம்பளத்தைப் பன்னிரண்டால் வகுப்பது

ஆஃபர் கடிதத்தில் மூன்றரை லட்சம் என்று இருக்கும். பையன் உடனே வகுத்து, மாதம் 29,166 ரூபாய் என்று கணக்குப் போட்டு, பத்தாயிரம் வாடகை தாங்கும் என்று முடிவுகட்டிவிடுவான். அந்த மூன்றரை லட்சத்துக்குள் நிறுவனம் தன் பங்காகக் கட்டும் வைப்பு நிதி (பிஎஃப்) இருக்கும். பொதுவாக ஐந்து ஆண்டு வேலை பார்த்தால்தான் கைக்கு வரும் பணிக்கொடை (கிராஜுவிட்டி), காப்பீட்டு பிரீமியம், ஆண்டுக் கடைசியில் மேலாளரின் மனநிலையைப் பொறுத்து வரும் ஒரு தொகை எல்லாம் அதற்குள்தான் அடக்கம். இவை போன பிறகு உங்கள் பங்கு வைப்பு நிதியையும் பிடிப்பார்கள். முதல் சம்பளச் சீட்டு கையில் வரும்வரை எந்த வீட்டுக்கும் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். அந்த ஒரு மாதத்தைத் திருவல்லிக்கேணி மேன்ஷனிலோ, அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஒரு பிஜி விடுதியிலோ தள்ளிவிடலாம். மூட்டைப்பூச்சி கடித்து யாரும் செத்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை வீடு பார்ப்பது

ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய மகாபலிபுரம் சாலை விமான ஓடுதளம் மாதிரி இருக்கும். வேளச்சேரியிலிருந்து சிறுசேரிக்குச் சர்ரென்று போய்விடலாம். திங்கட்கிழமை எட்டரை மணிக்கு அதே சாலையில், மெட்ரோ இரண்டாம் கட்டத் தூண்களுக்கு நடுவே பஸ் நகர்வதை வீடு காட்டும் புரோக்கர் உங்களுக்குக் காட்டமாட்டார். அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒரு வேலை நாளில், வேலை நேரத்தில், அந்த வீட்டு வாசலிலிருந்து அலுவலகம்வரை ஒருமுறை போய்ப் பாருங்கள்.

கோடையில் வீடு பார்ப்பவர்களுக்கு இன்னொன்று. வேளச்சேரி, மடிப்பாக்கம், பள்ளிக்கரணைப் பக்கம் தரைத்தள வீடு மலிவாகக் கிடைத்தால், ஏன் மலிவு என்று யோசியுங்கள். அது சதுப்பு நிலத்தின் சுற்றுவட்டாரம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தண்ணீர் எங்கே நின்றது என்று வீட்டுக்காரரிடம் கேட்டால், "நம் தெருவுக்கு வரவே இல்லை" என்பார். தெருமுனையில் இஸ்திரி போடுபவரிடம் கேளுங்கள், கையை உயர்த்தியே காட்டிவிடுவார். நான் ஒருமுறை வீடு பார்க்கப் போன தெருவில் டீக்கடையின் ஃப்ரிட்ஜ் மூன்றடுக்குச் செங்கல் மேல் நின்றுகொண்டிருந்தது. டீ மட்டும் குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

மாடி வீடு என்றால் வெள்ளத்துக்குப் பதில் வறட்சியைக் கேளுங்கள். 2019 கோடையில் தண்ணீர் இல்லாமல் சில ஐடி நிறுவனங்களே ஊழியர்களை வீட்டிலிருந்து வேலை பார்க்கச் சொன்ன ஊர் இது. லாரித் தண்ணீருக்கு யார் பணம் கொடுப்பது, மெயின்டனன்ஸில் அது சேருமா என்பதை முதல் நாளே பேசிவிட வேண்டும்.

போகிறவனிடம் அட்வான்ஸைக் கொடுப்பது

இதுதான் என்னால் இன்றைக்கும் பொறுத்துக்கொள்ள முடியாத தவறு. செய்தவன் நானே என்பதால் கோபம் இரண்டு மடங்கு.

பேச்சிலர்கள் தங்கும் வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு. நான்கு பேர் சேர்ந்து வீடு எடுப்பார்கள். ஒருவன் வேலை மாறி வேறு ஊருக்குப் போவான். அவன் அட்வான்ஸில் தன் பங்கை ஓனரிடம் கேட்பதில்லை. புதிதாக வருகிறவனிடம் வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவான். ஓனருக்கும் வசதி, போகிறவனுக்கும் வசதி. நாளைக்கு நீ போகும்போது உனக்குப் பின்னால் வருகிறவனிடம் வாங்கிக்கொள் என்று உங்களுக்கும் சொல்வார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். சங்கிலி அறும் நாளில் கடைசியாக நிற்பவன் யார் என்று மட்டும் யாரும் சொல்லமாட்டார்கள்.

வேளச்சேரியில் இரண்டு படுக்கையறை வீடு, முதல் மாடி. வாடகை 14,000, தலைக்கு 3,500. என் கைக்கு வந்த சம்பளம் 13,200. பெங்களூருக்குப் போகிறவன் என்னிடம் கேட்ட பங்கு 40,000. அம்மா தன் இரட்டை வடச் சங்கிலியைக் கூட்டுறவுச் சங்கத்தில் அடகு வைத்து அனுப்பினாள். அவன் பணத்தை ஃப்ரிட்ஜ் மேல் வைத்து இரண்டு தடவை எண்ணினான். அந்த ஃப்ரிட்ஜுக்கான காசும் அந்த நாற்பதாயிரத்துக்குள்தான் இருந்தது என்பது எனக்கு அப்போது தெரியாது. அக்ரிமென்ட் எங்கே என்று கேட்டேன். "ஓனரிடம் இருக்கிறது, அவர் ரொம்ப நல்ல மனுஷன்" என்றான். நானும் நம்பினேன்.

ஓனர் நல்ல மனிதர்தான், அதில் பொய்யில்லை. 2015 வெள்ளத்தில் கீழ்த்தளம் மூழ்கியபோது எங்கள் நான்கு பேருக்கும் மூன்று நாள் சோறு போட்டவர் அவர். 2016இல் மகள் குடும்பத்துக்கு வீடு வேண்டும் என்று காலி செய்யச் சொன்னார். நாங்களும் சரி என்று சொல்லிவிட்டு, அட்வான்ஸ் எவ்வளவு வரும் என்று கேட்டோம். அவர் உள்ளே போய் நீல அட்டை போட்ட ஒரு நோட்டை எடுத்து வந்தார்.

2011இல் அவர் வாங்கிய அட்வான்ஸ் ஒரு லட்சம். அப்போது வாடகை பத்தாயிரம், பத்து மாத அட்வான்ஸ். அதாவது என் பங்கு 25,000தான். மீதிப் பதினைந்தாயிரம் வழியில் ஏறியது. ஒருவன் போகும்போது ஃப்ரிட்ஜுக்கு ஐயாயிரம் சேர்த்து வாங்கியிருக்கிறான். அடுத்தவன் வாஷிங் மெஷினுக்கும் டிஷ் ஆன்டெனாவுக்கும் நாலாயிரம் ஏற்றியிருக்கிறான். மூன்றாமவன், தான் கொடுத்த புரோக்கர் கமிஷனையும் சேர்த்து 40,000 ஆக்கி என் தலையில் கட்டிவிட்டான். அந்த வாஷிங் மெஷின் நான் குடிபோவதற்கு ஓராண்டு முன்பே நின்றுபோனது.

நோட்டின் அடுத்த பக்கத்தில் அட்வான்ஸிலிருந்து கழித்த தொகைகள். 2013இல் அப்போது இருந்தவர்கள் இரண்டு மாத வாடகை தராமல் அட்வான்ஸில் கழித்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள், 24,000. பெயின்டிங்குக்கு ஒரு மாத வாடகை, 16,000. குளியலறைக் கதவுக்கும் மின்கட்டணப் பாக்கிக்கும் 5,500. எல்லாம் போக மிச்சம் 54,500. நான்கால் வகுத்தால் தலைக்கு 13,625.

அதையும் உடனே வாங்க முடியவில்லை. அக்ரிமென்டில் இருந்த ஒரே கையெழுத்து 2011இல் வீடு எடுத்தவருடையது. அவர் ஷார்ஜாவில் இருந்தார். எங்களில் ஒருவர்கூட அவரைப் பார்த்ததில்லை. "கையெழுத்துப் போட்டவர் எழுதிக் கொடுத்தால் தருகிறேன், நாளைக்கு அவர் வந்து கேட்டால் நான் என்ன சொல்வது?" என்றார் ஓனர். எப்படித் திருப்பிப் பார்த்தாலும் அவர் கேட்டது சரிதான். அந்தக் கடிதம் வந்து சேர நான்கு மாதம் ஆனது. 40,000 கொடுத்து 13,625 வாங்கினேன், நஷ்டம் 26,375. அன்றைய என் இரண்டு மாதச் சம்பளம் 26,400. வித்தியாசம் 25 ரூபாய்.

அப்படியானால் என்ன செய்வது? யாருக்கும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்கும் முன் அக்ரிமென்டைப் பாருங்கள். பிரதி போதும். அதில் எழுதியிருக்கும் அட்வான்ஸ் எவ்வளவு, யார் பெயரில் இருக்கிறது, எப்போது முடிகிறது என்று படியுங்கள். பிறகு ஓனரை நேரில் பாருங்கள். இந்த வீட்டின் பேரில் இன்றைய தேதியில் எவ்வளவு அட்வான்ஸ் மிச்சம் இருக்கிறது என்று அவர் வாயால் சொல்லட்டும். உங்கள் பங்கை அவர் வங்கிக் கணக்கில் போடுவதும், போகிறவனுக்கு அவர் திருப்பிக் கொடுப்பதும்தான் முறை. அதற்கு அவர் இசையாவிட்டால், குறைந்தபட்சம் உங்கள் பெயரையும் தொகையையும் அக்ரிமென்டில் சேர்த்து அவர் கையெழுத்துப் போட்ட பிறகு போகிறவனுக்குக் கொடுங்கள். "அதெல்லாம் உங்களுக்குள் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்கிற ஓனர் வீட்டைவிட்டு இறங்கிவிடுங்கள். ஃப்ரிட்ஜ், கட்டில், மிக்ஸியைத் தனியாக விலை பேசுங்கள். அட்வான்ஸோடு அவற்றைக் கலக்க விடக் கூடாது. குடிபோன அன்றே சுவர், கதவு, குழாய் எல்லாவற்றையும் படம் எடுத்து ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். அவர் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் தேதி நிற்கும்.

எங்கள் காலத்தில் இல்லாத ஒரு பிடிமானம் இப்போது உங்களுக்கு இருக்கிறது. தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. (அந்த 'இல்லாதபட்சத்தில்' வழியாகத்தான் பத்து மாதமும் உள்ளே நுழைகிறது.) காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பாக்கியைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும். சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு, ஜன்னலுக்குப் பெயின்ட் அடிப்பதும் அந்தச் சட்டத்தின் அட்டவணையில் வீட்டு உரிமையாளர் பக்கம் இருக்கின்றன. இதை ஓனரிடம் சண்டைக் குரலில் சொன்னால் வீடே கிடைக்காது. தெரிந்து வைத்துக்கொண்டு, கையெழுத்துப் போடும் முன் பெயின்டிங் பற்றிய வரியைச் சிரித்த முகத்தோடு அடிக்கச் சொல்லுங்கள். பத்தில் மூன்று பேர் அடித்துவிடுவார்கள், இது என் அனுபவக் கணக்கு.

அசல் சான்றிதழ்

கம்பெனி கேட்டால் சரிபார்க்கக் காட்டலாம். வைத்துக்கொள்ளக் கொடுக்காதீர்கள்.

ரூம்மேட்டின் கடனுக்கு ஜாமீன்

வேண்டாம்.

வேலை மாறும்போது வைப்பு நிதியை எடுப்பது

முதல் கம்பெனியை விட்டதும் அந்த முப்பது, நாற்பதாயிரத்தை எடுத்து போன் வாங்குவது ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. ஐந்து ஆண்டு தொடர் சேவை முடியும் முன் எடுத்தால் வரிக் கணக்கில் வரும். அதைவிடப் பெரிய விஷயம், பத்தாண்டு சேவை சேர்ந்தால்தான் ஓய்வூதியத் தகுதி. ஓய்வூதியப் பங்கையும் சேர்த்து முழுக்க எடுத்துவிட்டால் அந்த ஆண்டுக் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். எத்தனை கம்பெனி மாறினாலும் வைப்பு நிதிக்கான யுஏஎன் எண் ஒன்றுதான், பழைய கணக்கைப் புதிய கம்பெனிக்கு மாற்றினால் போதும்.

தீபாவளி டிக்கெட்டைத் தீபாவளிக்கு யோசிப்பது

ரயில் முன்பதிவு 2024 நவம்பரிலிருந்து 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. அதற்கு முன்பு 120 நாள். முன்பதிவு திறக்கும் நாளில் காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தால் நெல்லை எக்ஸ்பிரஸில் இடம் உண்டு, எட்டேகாலுக்கு உட்கார்ந்தால் காத்திருப்போர் பட்டியல். பஸ் என்றால் தென்மாவட்டங்களுக்குக் கிளாம்பாக்கம் பஸ் நிலையம். கோயம்பேட்டில் போய் நின்றுகொண்டு எனக்குப் போன் செய்யாதீர்கள்.

போன வாரம் அழைத்த பையன் விஷயம். துரைப்பாக்கத்தில் ரூம், பங்கு 45,000. "அண்ணே, அவர் நாளைக்கு ஹைதராபாத் கிளம்புகிறாராம், கூகுள் பேயில் அனுப்பிவிடவா?" என்றான். அக்ரிமென்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல் என்றேன். மறுநாள் அழைத்து, "அவர் கோபப்படுகிறார் அண்ணே, நம்பிக்கை இல்லையா என்று கேட்கிறார்" என்றான். ஓனர் நம்பரைக் கேள் என்றேன். அதற்குப் பிறகு அந்த ரூம்காரர் பேசவே இல்லையாம். பையன் இப்போது பெருங்குடியில் ஒரு பிஜியில் இருக்கிறான். மூட்டைப்பூச்சி அதிகம் என்று தினமும் எனக்குப் புகார் அனுப்புகிறான்.