புது ஃபிளாட் வாங்கலாமா? முதலில் யுடிஎஸ் கணக்கைப் போடுங்கள்

ஃபிளாட்டில் காலப்போக்கில் விலை ஏறுவது நிலத்துக்குத்தான். கட்டடம் பழசாகிக்கொண்டே போகும். அந்த நிலத்தில் உங்களுக்கு வரும் பிரிபடாத பாகம்தான் யுடிஎஸ். சென்னையில் நாங்கள் வீடு பார்த்தபோது அதிக நேரம் பிடித்தது இந்தக் கணக்குதான்.

1. ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு எண்ணைக் கேளுங்கள். மனை 500 சதுர மீட்டரைத் தாண்டாவிட்டாலோ, வீடுகள் எட்டுக்கு மேல் இல்லாவிட்டாலோ பதிவு கட்டாயமில்லை. இரண்டு கிரவுண்ட் என்பது சுமார் 446 சதுர மீட்டர்தான். அதாவது, பழைய வீட்டை இடித்துக் கட்டும் பல சின்னக் கட்டடங்களுக்கு ரெரா எண்ணே இருக்காது. அங்கே எல்லாவற்றையும் நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

2. வில்லங்கச் சான்றை, அதாவது அந்தச் சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியலை, பில்டரிடம் வாங்காதீர்கள். பதிவுத்துறை இணையதளத்தில் சர்வே எண், உட்பிரிவு போட்டு 30 வருஷத்துக்கு நீங்களே எடுங்கள்.

3. இப்போது யுடிஎஸ். உங்கள் வீட்டின் பரப்பை எல்லா வீடுகளின் மொத்தப் பரப்பால் வகுத்து, மனை அளவால் பெருக்குங்கள். 4,800 சதுர அடி மனை, தலா 1,200 சதுர அடியில் எட்டு வீடு என்றால் உங்கள் பங்கு 600 சதுர அடி. ஒப்பந்தத்தில் 480 என்று இருந்தால் மீதி 120 யார் பேரில் நிற்கிறது என்று கேளுங்கள். பின்னால் இன்னொரு மாடி ஏற்ற ஒதுக்கி வைத்திருக்கலாம். சாலைக்குத் தானமாக எழுதிக்கொடுத்த இடம் இருந்தால் மனை அளவில் அதைக் கழித்துவிடுங்கள்.

அப்புறம் வில்லங்கத்தைத் திரும்ப எடுங்கள். ஏற்கெனவே விற்ற வீடுகளின் பத்திரங்கள் அதில் யுடிஎஸ் அளவோடு வரும். அவற்றோடு உங்கள் பங்கையும் விற்காத வீடுகளின் பங்கையும் கூட்டுங்கள். மனை அளவைத் தாண்டினால் அந்த வீடு வேண்டாம்.

4. சதுர அடி விலையை எந்தப் பரப்புக்குச் சொல்கிறார்கள் என்று கேட்டுவிட்டு, கார்பெட் ஏரியாவை (வெளிச்சுவர்களுக்கு உள்ளே புழங்கும் தரைப்பரப்பு) நீங்களே அளந்து பாருங்கள். லேசர் கருவி தேவையில்லை. ஸ்டீல் டேப்பே எனக்குப் பிடித்தது, தூண் மூலைகளில் சரியாக உட்காரும். பாத்ரூமில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள், வாட்டம் சரியா என்று தெரிந்துவிடும்.

5. கட்டட நிறைவுச் சான்று வந்தபின் வாங்கினால் ஜிஎஸ்டி கிடையாது. முன்னால் என்றால் பொதுவாக 5%. ரெரா பதிவுள்ள திட்டத்தில், விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் பில்டர் உங்களிடம் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் பணம் வாங்கக்கூடாது.

பின்சேர்க்கை: மூன்றாவதில் சொன்னபடி எல்லாப் பங்குகளையும் கூட்டினால் மனை அளவு வரவில்லை, குறைகிறது, ஏன் என்று ஒருவர் கேட்டிருந்தார். நில உரிமையாளரும் பில்டரும் கூட்டாகக் கட்டினால், உரிமையாளர் வைத்துக்கொள்ளும் வீடுகளுக்கு விற்பனைப் பத்திரம் இருக்காது, வில்லங்கத்திலும் வராது. கூட்டு ஒப்பந்தத்தின் நகலை வாங்கி அவர் பங்கையும் சேர்த்துக் கூட்டுங்கள்.