காதைத் தீட்டிக்கொண்டு வாள்நடனம் பாருங்கள்

இங்கிலாந்தின் வடபகுதி வாள்நடனத்தைக் காணொளியில் பார்க்க நினைத்தால், தேடுவதில்தான் முதல் தொல்லை. யூடியூபில் ஆங்கிலத்தில் வாள்நடனம் என்று பொதுவாகத் தட்டினால், தரையில் குறுக்காக வைத்த வாள்களுக்கு மேல் துள்ளும் ஸ்காட்லாந்துக்காரர்களும், தலையில் வாளை நிறுத்தி இடுப்பசைக்கும் பெண்களும், போக்கேமான் விளையாட்டின் சண்டை உத்தி ஒன்றும் வரிசையாக வந்து நிற்கும். இந்த ஆட்டத்தின் ஒரு வகைக்குப் பெயர் ராப்பர்; அதை மட்டும் தட்டினால் சொல்லவே வேண்டாம், ராப் பாட்டுக்காரர்கள் திரையை அடைத்துக்கொள்வார்கள். ஊர்ப்பெயரையோ குழுப்பெயரையோ முன்னால் போட்டு, பின்னால் வாள் என்பதற்கான ஆங்கிலச் சொல்லைச் சேருங்கள். கிரெனோசைட், ஹேண்ட்ஸ்வொர்த், கோத்லண்ட், ஃபிளாம்பரோ, நியூகாஸில் கிங்ஸ்மென், ஹை ஸ்பென் ப்ளூ டைமண்ட்ஸ் ஆகிய பெயர்கள் போதும். இவற்றைப் பிடித்துக்கொண்டால் மற்றவை தாமாகவே பரிந்துரையில் வந்து சேரும்.

இங்கிலாந்தின் வடபகுதியில் இந்த ஆட்டம் இரண்டு வகை. யார்க்‌ஷயரில் ஆடுவது நீள்வாள். விறைப்பான எஃகு அல்லது மரம், ஆறு பேர் அல்லது எட்டுப் பேர், நிதானமான நடை. நார்தம்பர்லண்டிலும் டரமிலும் நிலக்கரிச் சுரங்க ஊர்களில் வளர்ந்தது ராப்பர். ஐந்து பேர், ஏறத்தாழ இரண்டடி நீளமுள்ள வளையும் எஃகுப் பட்டை, அதன் இரு முனையிலும் பிடி. ஒரு பிடி அசையாது. மற்றது தன் அச்சில் சுழலும். அது சுழலாவிட்டால் ஆடுபவரின் மணிக்கட்டு முறுகிக்கொள்ளும். இரண்டு வகையிலும் ஒவ்வொருவரும் தம் வாளின் ஒரு முனையையும் பக்கத்தில் நிற்பவர் வாளின் ஒரு முனையையும் பிடித்திருப்பார்கள். கோர்த்த வளையத்தை விடாமலே நுழைந்து, தாண்டி, திரும்பி, கடைசியில் வாள்களை ஒன்றுக்குள் ஒன்று பின்னி நட்சத்திரமாக்கி ஒற்றைக் கையால் தூக்கிக் காட்டுவார்கள். எங்கள் பின்னல் கோலாட்டம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த நுழைதலும் தாண்டலும் உடனே பிடிபட்டுவிடும்.

ராப்பரில் தொடங்காதீர்கள். வேகம் கண்ணைக் கட்டிவிடும். ஷெஃபீல்டுப் பக்கத்துக் கிரெனோசைட் ஆட்டத்தை முதலில் எடுங்கள். கிறிஸ்துமஸுக்கு மறுநாள், டிசம்பர் 26 அன்று, தெருவில் ஆடுவது. ஆறு பேர், காலில் மரக்காலணி. தலைவர் பாடிக்கொண்டே வளையத்துக்குள் வருவார். அவர் கழுத்தைச் சுற்றி வாள்கள் பின்னும். சரேலென்று உருவும்போது முயல்தோல் தொப்பி பறக்கும். பலர் அந்த இடத்திலேயே காணொளியை மூடிவிடுகிறார்கள். சுவையானதெல்லாம் அதற்குப் பிறகுதான் இருக்கிறது. அதே நாளில் ஷெஃபீல்டின் ஹேண்ட்ஸ்வொர்த்தில் எட்டுப் பேர் ராணுவச் சட்டை போன்ற உடையில் ஆடுவார்கள். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் ஆறு முனை நட்சத்திரத்துக்கும் எட்டு முனை நட்சத்திரத்துக்கும் கைவேலை எப்படி மாறுகிறது என்பது தெரியும்.

எந்தக் காணொளியைத் தேர்ந்தெடுப்பது? வெட்டி ஒட்டியதைத் தொடவே வேண்டாம். வாள் தோளைத் தாண்டும் கணத்தில் கூட்டத்தின் முகத்தைக் காட்டுகிற ஒளிப்பதிவாளர்மீது எனக்குத் தீராத கோபம் உண்டு. ஒரே இடத்தில் நின்று, எல்லாருடைய பாதமும் தெரியும்படி, முடிந்தால் மாடி ஜன்னலிலிருந்து எடுத்தது கிடைத்தால் அதுவே பொக்கிஷம். நடுங்கும் கையோடு யாரோ கைபேசியில் எடுத்தது, தொலைக்காட்சிக்காரர் எடுத்ததைவிட எவ்வளவோ மேல். தரத்தை 1080க்கு ஏற்றுங்கள். 360இல் ராப்பர் பட்டை காற்றில் கரைந்து, ஐந்து பேர் வெறுங்கையை வீசுவது போலத் தெரியும். நொடிக்கு 60 சட்டம் (ஃபிரேம்) உள்ளது கிடைத்தால் இன்னும் நல்லது.

ராப்பருக்கு வந்ததும் முதல் முறை திரையைப் பார்க்காதீர்கள். நான் மிருதங்கக்காரன், அதனால்தான் இப்படிச் சொல்கிறேன் என்று ஒதுக்கிவிட வேண்டாம். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, இசைக்கும் ஜிக் என்ற துள்ளல் மெட்டுக்குத் தொடையில் தட்டுங்கள். தகிட தகிட, தகிட தகிட என்று திஸ்ரத்தில், மும்மூன்றாக ஓடும். நிமிடத்துக்கு ஏறத்தாழ 160 தட்டு. அந்த ஓட்டத்துக்கு மேல் கட்டியான அடிப்பாகம் கொண்ட காலணிகள் தரையில் வாசிக்கும் சொற்கட்டைக் கேளுங்கள். ஐந்து ஜோடிக் கால் ஒரே கால் போல ஒலித்தால் அது தேர்ந்த குழு. லேசாகச் சிதறினால் அடுத்த பின்னலில் எங்கோ இடறப்போகிறது என்று காது முன்கூட்டியே சொல்லிவிடும்.

பிறகு கண். வேகத்தைப் பாதியாக்குங்கள். ஒலி கெட்டுவிடும், பரவாயில்லை, அந்த வேலை முடிந்துவிட்டது. ஐவரில் சட்டையாலோ தாடியாலோ அடையாளம் காணக்கூடிய ஒருவரைத் தேர்ந்து, அவருடைய இடக்கையை மட்டும் தொடருங்கள். அவர் யார் தலைக்கு மேல் அந்தக் கையைக் கொண்டுபோகிறார், எந்த வாளுக்குக் கீழே குனிகிறார் என்பதுதான் ஆட்டத்தின் நூல். கணினியில் காணொளியை நிறுத்திவிட்டு முற்றுப்புள்ளி விசையை அழுத்தினால் ஒவ்வொரு சட்டமாக முன்னே நகரும். கமா விசை பின்னே இழுக்கும். நட்சத்திரம் பின்னப்படும் இரண்டு மூன்று நொடிக்கு மட்டும் இதைப் பயன்படுத்துங்கள். முழு ஆட்டத்தையும் இப்படி அறுத்துப் பார்த்தால் வெறுத்துப்போகும்.

இடையில் புகுந்து கிண்டலடிக்கும் டாமி என்ற கோமாளியையும், பெண்வேடமிட்டு வரும் பெட்டி (Betty) என்ற பாத்திரத்தையும் இடைஞ்சல் என்று நினைக்க வேண்டாம். வாளைப் பிடித்தபடியே ஒருவர் பின்புறமாகக் குட்டிக்கரணம் போடும்போது கைதட்டுங்கள். ஆனால் அதை மட்டும் தொகுத்த துணுக்குகளை நான் பார்ப்பதில்லை.

பழைய படங்களும் கிடைக்கும். பிரிட்டிஷ் பாத்தே நிறுவனம் 2014இல் சுமார் 85,000 செய்திப்படங்களை யூடியூபில் ஏற்றியது. அந்தக் குவியலில் தோண்டிப் பாருங்கள். ஊமைப்படமாக இருந்தால் ஆட்டத்தின் வேகத்தை நம்பாதீர்கள். அன்று படம் எடுத்த வேகமும் இன்று ஓட்டும் வேகமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. மெட்டும் பிற்பாடு யாராவது ஒட்டியதாக இருக்கலாம். இன்னும் நுணுக்கம் வேண்டுவோர், ஆங்கில நாட்டுப்புற ஆடல்பாடல்களைத் தொகுத்த செசில் ஷார்ப் 1911 முதல் 1913 வரை மூன்று பாகமாக வெளியிட்ட வட இங்கிலாந்து வாள்நடன நூலைத் தேடலாம். கிரெனோசைட் ஆட்டம் அதில் படிப்படியாக எழுதப்பட்டிருக்கிறது. பக்கத்தை ஒரு ஜன்னலிலும் காணொளியை இன்னொன்றிலும் திறந்து வைத்துக்கொண்டால் ஒரு மாலை போவது தெரியாது.

ராப்பர் குழுக்கள் ஆண்டுதோறும் கூடி மோதும் டெர்ட் என்ற போட்டியின் பதிவுகளைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். மதுக்கடை மதுக்கடையாகச் சென்று, நடுவர்கள் முன் ஆடுவார்கள். ஒரே குழு ஒரே நாளில் இரண்டு கடைகளில் ஆடியது கிடைத்தால் விடாதீர்கள். மரத்தரையிலும் கல்தரையிலும் அதே சொற்கட்டு வேறு வேறாகப் பேசும். கம்பளம் விரித்த தரையில் எடுத்ததை மட்டும் தவிர்த்துவிடுங்கள். காலொலியில் பாதியைக் கம்பளம் விழுங்கியிருக்கும்.