ரொட்டிக்காரர் கல்லறையைப் பார்த்து எல்லோரும் சறுக்கும் இடங்கள்

ரோமில் போர்ட்டா மஜ்ஜோரே வாயிலை ஒட்டி, டிராம் ஓடும் சந்திப்பில் ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்துக்கு ஒரு கல் கட்டடம் நிற்கிறது, அதன் மேல்பாதி முழுக்க வரிசையாக வட்ட வட்ட ஓட்டைகள். கி.மு. முதல் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த யூரிசாசெஸ் என்ற ரொட்டிக்காரரின் கல்லறை அது.

ஓட்டையைப் பார்த்ததும் "அடுப்பு வாய்" என்று சொல்லிவிடுவதுதான் முதல் தவறு. தானியம் அளக்கும் படி என்று ஒரு சாராரும், மாவு பிசையும் உருளைத் தொட்டி என்று இன்னொரு சாராரும் சொல்கிறார்கள். எனக்கு இரண்டாவதுதான் சரியாகப் படுகிறது, ஏனென்றால் மேலே ஓடும் சிற்ப வரிசையிலேயே விலங்கு சுற்றி இழுக்கும் அப்படி ஒரு தொட்டி இருக்கிறது. பலர் அண்ணாந்து பார்க்காமலே போய்விடும் வரிசை அது: கழுதைகள் திரிகை சுற்றுவது, மாவைச் சலிப்பது, மேஜையில் ஆட்கள் வரிசையாக நின்று உருண்டை பிடிப்பது, குவிமாட அடுப்பில் ஒருவர் நீளத் துடுப்பால் ரொட்டி தள்ளுவது, கடைசியில் கூடைகளில் சுமந்து போய்த் தராசில் நிறுப்பது. சாமி, புராணம் எதுவும் கிடையாது, முழுக்க முழுக்கத் தொழில்தான்.

அப்புறம், வாயில் முதலில் வந்தது, கல்லறை அதன் நிழலில் ஒதுங்கியது என்று நினைப்பது. நேர்மாறு. ஊருக்குள் புதைக்கவோ எரிக்கவோ சட்டம் விடாததால் ஊர் எல்லைக்கு வெளியே இரண்டு சாலைகள் பிரியும் மூலையில் இடம் பிடித்திருக்கிறார், மூலையில் நெருக்கிக் கட்டியதால் அடித்தளம் சதுரமாக இல்லாமல் கோணலாகிவிட்டது. பின்னாளில் வாயிலாகிவிட்ட, ஊருக்குத் தண்ணீர் கொண்டுவரும் கால்வாயின் வளைவை ரோமப் பேரரசர் கிளாடியஸ் முடித்தது கி.பி. 52-இல்தான். பிறகு எழும்பிய கோபுரம் கல்லறையை விழுங்கிவிட, 1838-இல் அந்தக் கோபுரத்தை இடித்தபோதுதான் கல்லறை மறுபடி வெளியே வந்தது.

"விடுதலை பெற்ற அடிமை" என்று அடித்துச் சொல்வதும் அவசரம்தான். பெயர் கிரேக்கப் பெயர், தகப்பன் பெயர் இல்லை, இரண்டும் அடிமையாக இருந்தவர் என்று நினைக்க வைப்பவைதான், சரி. ஆனால் விடுதலை பெற்றவர்கள் வழக்கமாகப் பொறிக்கும் குறியும் கல்வெட்டில் இல்லையே! அதில் இருப்பது ரொட்டிக்காரர், ஒப்பந்தக்காரர் என்பதுதான்.

மனைவி அதிஸ்தியாவுக்கு உரியதாகச் சொல்லப்படும் கல்வெட்டு தனி. மிக நல்ல பெண்ணாக வாழ்ந்தாள், அவள் உடலில் மிஞ்சியது இந்த ரொட்டிக்கூடையில் இருக்கிறது என்கிறது அது.