மெட்டல் கூரை போடப் போகிறீர்களா? கொட்டேஷனில் கையெழுத்துப் போடும் முன்

டெரஸ் வீட்டின் பின்பக்கச் சமையலறையை நீட்டுவதானாலும் சரி, பழைய ஓட்டைக் கழற்றிவிட்டு மெட்டல் கூரைக்கு மாறுவதானாலும் சரி, குத்தகையாளர் தரும் கொட்டேஷனில் பல நேரம் ஒரே ஒரு வரிதான் இருக்கும்: "ஜிங்க் கூரை, பொருளும் கூலியும் சேர்த்து இவ்வளவு." அந்த வரியை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். தகட்டின் தடிமன், பூச்சு, சரிவு, திருகாணி, வெப்பத்தடுப்பு, மழைநீர் வடியும் கட்டர் எல்லாம் தனித்தனியாக எழுத்தில் வர வேண்டும். வராத இடத்தில் எது மலிவோ அதுதான் உங்கள் தலைக்கு மேல் ஏறும்.

தடிமனும் பூச்சும்

கடையில் 0.48 என்று சொல்லும் தகட்டில் எஃகு 0.42 மி.மீ. தான், மிச்சம் உலோகப் பூச்சு. எஃகின் தடிமனை பிஎம்டி என்றும், பெயின்ட் இல்லாமல் அந்தப் பூச்சோடு மட்டும் சேர்ந்ததை டிசிடி என்றும் குறிப்பார்கள். கொட்டேஷனில் வெறும் எண்ணை மட்டும் எழுதினால் ஏற்காதீர்கள், "பிஎம்டி 0.42" என்று எழுதச் சொல்லுங்கள். குடியிருக்கும் வீட்டுக்கு இதுவே நல்ல அளவு. 0.35 என்றால் தகட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டங்களான பர்லின்களை நெருக்கி வைக்க வேண்டும். தகட்டில் மிச்சம் பிடித்த பணம் சட்டத்தில் போய்விடும். 0.23 தகடு ஆள் ஏறினாலே நெளியும், நெளிந்த பள்ளத்தில் தண்ணீர் தேங்கும். சாமான் அறைக்கு மேல் போடலாம், படுக்கையறைக்கு மேல் வேண்டாம். லோரியில் தகடு வந்து இறங்கும்போது மைக்ரோமீட்டர் வைத்து ஓரத்தை அளந்து பாருங்கள். பெயின்ட் அடித்த தகடு டிசிடியைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்ட வேண்டும்; குறைவாகக் காட்டினால் சொன்ன சரக்கு அதுவல்ல.

பூச்சைப் பொறுத்தவரை, இப்போது நல்ல தகடுகளில் இருப்பது அலுமினியமும் துத்தநாகமும் கலந்தது: ஏறக்குறைய 55 விழுக்காடு அலுமினியம், 43 விழுக்காடு துத்தநாகம், கொஞ்சம் சிலிக்கான். ஏஇசட் 150 என்றால் ஒரு சதுர மீட்டர் தகட்டில் இரு பக்கமும் சேர்த்து 150 கிராம் பூச்சு. கோலாலம்பூரின் செராஸ், கெப்போங், செத்தாபாக் போன்ற உள்பகுதிகளுக்கு இது போதும். பினாங்கின் தஞ்சோங் பூங்கா, பத்து பெரிங்கி, தெலுக் கும்பார் பக்கம் கடலை ஒட்டி வீடு இருந்தால் ஏஇசட் 200 கேளுங்கள், அல்லது அலுமினியத் தகட்டுக்கே போய்விடுங்கள். கடலோரத்துக்கு உத்தரவாதக் காலம் குறைக்கப்படலாம், சில சமயம் அறவே இருக்காது. அதனால் வீட்டு முகவரியைத் தயாரிப்பாளரிடம் கொடுத்து, அந்த முகவரிக்கான உத்தரவாதத்தை எழுத்தில் வாங்குவதுதான் சரி. குத்தகையாளர் வாய்வார்த்தையாகச் சொல்லும் "பத்து வருஷம் கேரண்டி" உங்களுக்கு உதவாது.

சரிவு

சரிவு போதாத கூரை எவ்வளவு நல்ல தகடு போட்டாலும் ஒழுகும். அலைத் தகட்டுக்குக் குறைந்தது 5 பாகை வேண்டும். ஒரு மீட்டர் நீளத்துக்கு ஏறக்குறைய 88 மி.மீ. உயரம். பட்டை மேடுள்ள டிரப்பிசாய்ட் தகட்டுக்கு 3 பாகை, மீட்டருக்கு 52 மி.மீ. தயாரிப்பாளர் ஏட்டில் உள்ள இந்த அளவு கடைசி எல்லைதான். பிற்பகல் இடிமழை கொட்டும் நம் ஊரில், இடம் இருந்தால் 10 பாகை வையுங்கள். மேல்மாடி ஜன்னல் தடுக்கிறது என்று சரிவைக் குறைப்பவர்கள் உண்டு. அப்படிக் குறைத்துத்தான் ஆக வேண்டுமென்றால், திருகாணியே வெளியில் தெரியாத கிளிப் வகைத் தகட்டுக்கு மாறுங்கள்.

தகட்டை மேலிருந்து கீழ்வரை ஒரே நீளமாக வெட்டி வாங்குங்கள். நடுவில் ஒட்டுப்போட்டால் அந்த இடம்தான் முதலில் ஒழுகும்.

எவ்வளவு வாங்குவது

22 அடி அகல வீட்டில் பின்பக்கம் 15 அடி நீட்டுவதாக வைத்துக்கொள்வோம். தகட்டின் மூடும் அகலம் 762 மி.மீ. என்றால், 6.7 மீட்டர் அகலத்துக்கு 9 தகடு. 15 அடி என்பது 4.57 மீட்டர், 10 பாகை சரிவில் அது 4.64 மீட்டர் ஆகும். கட்டருக்குள் 50 மி.மீ. நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும், ஆக ஒவ்வொன்றும் 4.7 மீட்டர். சுவர்ப்பக்கம் மேல்முனை 80 செ.மீ. உயரும் என்பதையும் இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். ஜன்னலுக்குக் கீழே அந்த உயரம் இருக்கிறதா?

பர்லின் சட்டங்கள் நடுவில் 1.2 மீட்டருக்கு மேல் விலகக் கூடாது. மேல்முனையிலும் கீழ்முனையிலும் 90 செ.மீ. போதும், காற்று பிடித்துத் தூக்குவது அங்கேதான். இந்த எடுத்துக்காட்டுக்கு 6 பர்லின் வரும். இரு முனைப் பர்லினிலும் தகட்டின் நான்கு மேட்டிலும், நடுவில் தகட்டுக்கு மூன்று மேட்டிலும் திருகாணி அடித்தால் 180 ஆகும். கூரை சுவரோடு சேரும் இடத்தை மூடும் மடிப்புத் தகடான பிளாஷிங்குக்கும் சேர்த்து 250 வாங்குங்கள்.

ஓட்டிலிருந்து மாறுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கான்கிரீட் ஓடு சதுர மீட்டருக்கு 40 கிலோவுக்கு மேல். மெட்டல் தகடு 5 கிலோகூட இல்லை. பழைய கூரைச் சட்டத்தைச் சுவரோடு பிடித்து வைத்திருந்ததே அந்தப் பாரம்தான். அது போனபின், எஃகுப் பட்டையால் சட்டத்தைச் சுவர் உத்திரத்தோடு இறுக்கிக் கட்டாவிட்டால், புயல்காற்றில் தகடு சட்டத்தோடு சேர்ந்தே எழும்பும்.

திருகாணியும் சேரக் கூடாத உலோகங்களும்

தகடு நன்றாக இருக்கும்போதே கூரை வீணாவது பெரும்பாலும் இங்கேதான். துருவைத் தாங்கும் தரத்தில், உள்பகுதிக்குக் கிளாஸ் 3, கடலோரத்துக்குக் கிளாஸ் 4 திருகாணி. இபிடிஎம் ரப்பர் வாஷர் கட்டாயம். தண்ணீர் ஓடும் பள்ளத்தில் அல்லாமல், மேட்டில் அடிக்க வேண்டும். அடித்தபின் அருகில் போய்ப் பாருங்கள்: ரப்பர் சுற்றிலும் லேசாக அமுங்கி, உலோக விளிம்போடு ஒட்டி நிற்க வேண்டும். விளிம்பை விட்டு ரப்பர் பிதுங்கி வெளியே தெரிந்தால் அளவுக்கு மீறி இறுக்கிவிட்டார்கள்; வெயிலில் அது வெடித்துத் தண்ணீரை உள்ளே விடும். வாஷர் கையால் சுழன்றால் இறுக்கம் போதவில்லை.

கடலோரம்தானே, ஸ்டெயின்லெஸ் திருகாணி போட்டால் நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். அலுமினிய-துத்தநாகப் பூச்சுள்ள தகட்டில் அது கூடாது. இரண்டு உலோகமும் ஈரத்தில் சேரும்போது, ஸ்டெயின்லெஸ் பிழைத்துக்கொண்டு தகட்டை அரிக்க விடும். செம்பு இன்னும் மோசம். சோலார் வாட்டர் ஹீட்டரின் செம்புக் குழாயிலிருந்து சொட்டும் தண்ணீரும், ஏர்கான் காயிலிலிருந்து வடியும் தண்ணீரும் தகட்டின் மேல் விழவே கூடாது. பிவிசி குழாய் போட்டு நேரே கீழே இறக்குங்கள். ஈய பிளாஷிங்கும், செம்பு கலந்த மருந்து ஏற்றிய மரச்சட்டமும் தகட்டைத் தொடக் கூடாது. சாதாரணப் பென்சிலால் கோடு போடுவதுகூடக் கெடுதல்தான். அந்தக் கோட்டிலேயே பிற்பாடு அரிப்புத் தொடங்கும். மார்க்கர் பேனா போதும்.

கட்டரில் இதே கதை வேறு மாதிரி வரும். பூச்சுள்ள தகட்டிலிருந்து வடியும் மழைநீர் துத்தநாகம் மட்டும் பூசிய ஜிஐ கட்டரில் சொட்டும் இடங்களில் துத்தநாகத்தைத் தின்றுவிடும். கூரைக்கு என்ன பூச்சோ கட்டருக்கும் அதே பூச்சு, இல்லாவிட்டால் யுபிவிசி பிளாஸ்டிக். நம் எடுத்துக்காட்டுக் கூரையில் மணிக்கு 200 மி.மீ. வேகத்தில் மழை கொட்டினால் நிமிடத்துக்கு 100 லிட்டர் தண்ணீர் இறங்கும். மாடிக் கூரைத் தண்ணீரும் இதன்மேல்தான் விழுகிறது என்றால் அதையும் கூட்டிக்கொண்டு, இறங்குகுழாயை இரண்டாக வையுங்கள். ஒன்று இலை அடைத்தால் மற்றது காப்பாற்றும்.

சுவரோடு கூரை சேரும் இடத்தில் சிலிக்கோனை மட்டும் பூசிவிட்டுப் போக விடாதீர்கள். சுவரில் காடி வெட்டி, பிளாஷிங்கின் விளிம்பை அதற்குள் செருகி அடைக்க வேண்டும். தகட்டின் மேல்முனைப் பள்ளங்களைக் கருவியால் மேல்நோக்கி மடித்துவிட வேண்டும். காற்றோடு வரும் மழை மேல்நோக்கி ஏறி உள்ளே புகுவதை அந்த மடிப்புதான் தடுக்கும். சிலிக்கோன் நடுநிலை வகையாக இருக்கட்டும். வினிகர் வாடை அடித்தால் அது அமில வகை, தகட்டைக் கெடுக்கும்.

வெப்பமும் சத்தமும்

தகட்டின் அடியில் ஒட்டி வரும் 5 மி.மீ. பாலிஃபோம் வியர்வை சொட்டுவதை நிறுத்தும், மழைச் சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கும். வெப்பத்தைத் தடுக்கும் என்று சொல்லி விற்றால் நம்ப வேண்டாம்; அந்தத் தடிமனுக்கு அவ்வளவு சக்தி கிடையாது. 50 மி.மீ. ராக்வூல் பஞ்சைக் கம்பி வலைமேல் விரித்து, தகட்டைத் தொடும்படி வைத்தால் வெப்பமும் சத்தமும் ஒருசேரக் குறையும். வசதியிருந்தால் 100 மி.மீ. போடுங்கள். ராக்வூல் வைத்தால் அதற்கேற்ப நீளமான திருகாணி வாங்க வேண்டும். அலுமினிய ஃபாயில் வேலை செய்ய, பளபளக்கும் பக்கத்தை ஒட்டிக் குறைந்தது 25 மி.மீ. காற்று இடைவெளி வேண்டும். எதோடும் ஒட்டிக் கிடந்தால் பயனில்லை.

நிறம் வெளிறியதாக இருக்கட்டும். கறுப்பும் அடர்சாம்பலும் அழகுதான், ஆனால் பிற்பகலில் வீட்டில் இருப்பவர்கள் பாவம்.

அனுமதி

கோலாலம்பூரில் டிபிகேஎல், பினாங்குத் தீவில் எம்பிபிபி, செபராங் பிறையில் எம்பிஎஸ்பி என, அனுமதி தருவது அந்தந்த ஊரின் மாநகர் மன்றம். நீட்டிப்பு வேலைக்கு முதலிலேயே விண்ணப்பியுங்கள். ஜார்ஜ் டவுன் 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ஊர். பாரம்பரிய எல்லைக்குள் உள்ள கடைவீடுகளின் களிமண் ஓட்டை எம்பிபிபியைக் கேட்காமல் தொடவே கூடாது. பழைய வீட்டில் சாம்பல் நிற அலைத் தகடு இருந்தால் அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். உடைக்காமல், நனைத்து, முழுதாக இறக்கத் தெரிந்த ஆட்களிடம் கொடுங்கள்.

வேலை நடக்கும்போது

தகட்டைக் கிரைண்டரால் வெட்டினால் பொறி பட்ட இடமெல்லாம் பூச்சு எரியும். கத்தரி அல்லது தகட்டைக் கொறித்து வெட்டும் நிப்ளர்தான் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். துளையிட்ட இரும்புத் துகளை அன்றன்றே பெருக்க வேண்டும்; ஓர் இரவு மழை பட்டால் மறுநாள் துருப்புள்ளியாகத் தெரியும். அடுக்கிய தகடுகளுக்கு இடையே மழைநீர் போனாலும் கறை பிடிக்கும், ஆகவே சாய்த்து வைத்து மூடுங்கள். பாதுகாப்புப் பிளாஸ்டிக் தாளை அன்றைக்கே உரித்துவிட வேண்டும்.

கடைசித் தவணைப் பணத்தைக் கொடுக்கும் முன், ரப்பர் குழாயால் கீழ்முனையில் தொடங்கி மெதுவாக மேலே ஏறி, ஒவ்வொரு பிளாஷிங்கிலும் சில நிமிடம் தண்ணீர் விடுங்கள்; ஒருவர் உள்ளேயிருந்து பார்க்கட்டும். மேலிருந்து தொடங்கினால் எந்த இடம் ஒழுகுகிறது என்று தெரியாது. கடலோர வீட்டுக்காரர்கள் அதே குழாயால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கூரையின் அடிப்பக்க ஓரத்தையும் கழுவ வேண்டும். மழை படாத அந்த இடத்தில்தான் உப்பு தங்கும்.