முளைகட்டிய ராகி மாவு: ஊறவைப்பதிலிருந்து கூழ் வரை

இரண்டு வருடத்துக்கு முன் எனக்கு ஹீமோகுளோபின் 9.4 என்று வந்தது. பெண்களுக்கு 12க்குக் கீழே போனாலே ரத்தசோகை. காரிமங்கலம் பக்கம் வளர்ந்தவள் நான். தினம் ஒருவேளை ராகிக் களி, கூடவே கீரைக் கடைசல். அப்படியும் ஏன் ஏறவில்லை என்று புரியவில்லை. ரத்தம் எடுத்த நர்ஸ் அக்காதான் கேட்டார்: "களி சாப்பிட்டு கை கழுவினதும் என்னம்மா குடிப்பே?" டீ. எங்கள் வீட்டில் எல்லாருக்கும் அதுதான் பழக்கம்.

ராகியின் பழுப்புத் தோலிலும் டீயிலும் இருக்கும் துவர்ப்பு, பாலிஃபீனால் என்ற தாவரப் பொருள்களால் வருவது. அதில் டானின் ஒரு வகை. வாயில் எச்சிலின் புரதத்தைப் பிடித்துக்கொள்வதால்தான் நாக்கு வறள்கிற மாதிரி இருக்கிறது. குடலில் அதே கைவரிசையை இரும்பிடம் காட்டுகிறது. இரும்பு உடம்பில் சேர்வது பெரும்பாலும் சிறுகுடலின் தொடக்கத்தில். அங்கே டானின் அதைப் பிடித்துக் கரையாத பொருளாக்கிவிட்டால், அப்படியே வெளியே போய்விடும்.

அதற்காகப் பாலிஃபீனாலை எதிரியாக நினைக்க வேண்டாம். அதில் சிறு பங்குதான் சிறுகுடலிலேயே ரத்தத்தில் சேர்கிறது. கல்லீரல் அதை உருமாற்றி, சிறுநீரில் போகும்படி செய்கிறது. மீதி பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள நுண்ணுயிர்களுக்குத் தீனியாகிறது. ராகித் தோலின் நாரோடு ஒட்டியிருக்கும் ஃபெருலிக் அமிலம் என்ற பாலிஃபீனாலைப் பெருமளவு அவிழ்த்துவிடுவது அந்த நுண்ணுயிர்கள்தான். அதனால் தோலை நீக்காதீர்கள், மாவைச் சலிக்காதீர்கள். துவர்ப்பைக் கொஞ்சம் குறைத்தால் போதும்.

சரி, செய்முறை. ஒரு கிலோ ராகியைக் கல் அரித்துக் கழுவி, இரவு முழுக்க ஊறவையுங்கள். காலையில் தண்ணீர் பழுப்பாக இருக்கும். டானினில் ஒரு பங்கு அதில் இறங்கியிருக்கும், கீழே ஊற்றிவிடலாம். இரண்டு முறை நல்ல தண்ணீரில் அலசுங்கள்.

வடிதட்டில் அரை மணி நேரம் விட்டு, சொட்டு நின்ற பிறகுதான் துணியில் கட்ட வேண்டும். ஈரம் அதிகமானால் பிசுபிசுத்து நாற்றம் வரும். முளைகட்டுவதற்கென்று விற்கும் பிளாஸ்டிக் டப்பாவை நான் பரிந்துரைக்க மாட்டேன். பழைய பருத்தி வேட்டித் துணிக்கு இணை கிடையாது. வெயில் காலத்தில் ஒரு நாள் போதும். வெள்ளை முளை எட்டிப் பார்த்ததும் நிழலில் பரப்பி, கையில் அள்ளினால் சலசலவென்று உதிரும் வரை காயவையுங்கள். அப்புறம் இரும்புச் சட்டியில் சிறு தீயில் வாசனை வரும்வரை வறுத்து, மாவு மிஷினில் கொடுத்து அரைக்கலாம். மிளகாய் அரைத்த கையோடு போட்டுவிடுவார்கள், கேட்டுக்கொண்டு கொடுங்கள்.

நான் தடுக்கி விழுந்த இடம் இனிமேல்தான். அந்த மாவில் களி கிண்டினேன். கிண்டக் கிண்ட இறுகாமல் இளகிக்கொண்டே போனது. துடுப்பைத் தூக்கினால் பாகு மாதிரி வழிந்தது. சாதா மாவைப் பாதிக்குப் பாதி கலந்து பார்த்தேன், அதுவும் நிற்கவில்லை. முளைக்கும்போது ராகிக்குள் அமைலேஸ் என்ற நொதி உருவாகிறது. மாவுச்சத்தை உடைப்பதுதான் அதன் வேலை. சூடு ஏறும்போது தன் மாவை மட்டுமல்லாமல், கூடக் கலந்த மாவையும் சேர்த்தே உடைத்துவிடுகிறது. இது தெரிவதற்குள் மூன்று நாள் மாவு போனது.

இப்போது இரண்டு டப்பா வைத்திருக்கிறேன். முளைகட்டிய மாவு கூழுக்கும் கஞ்சிக்கும். களிக்கு, ராகியை எட்டு மணி நேரம் ஊறவைத்து அலசி, முளைக்க விடாமல் உடனே வெயிலில் காயவைத்து அரைத்த மாவு. அது கல் மாதிரி உருண்டை நிற்கும்.

கூழுக்கு மாவை இரவே கரைத்துப் புளிக்கவிட்டு, காலையில் காய்ச்சுங்கள். இரும்பைப் பிடித்துவைக்கும் இன்னொரு பொருளான பைட்டேட் முளைகட்டும்போதே குறைய ஆரம்பிக்கும், புளிப்பு அதை இன்னும் குறைக்கும். இறக்கி ஆறவிட்டு எலுமிச்சை பிழியுங்கள். அடுப்பில் கொதிக்கும்போது பிழிந்தால், இரும்பு உடம்பில் சேர உதவும் வைட்டமின் சி வீணாகும். டீயைச் சாப்பாட்டிலிருந்து குறைந்தது ஒரு மணி நேரம் தள்ளிவையுங்கள். டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தக் கூடாது. நானும் மாத்திரையோடுதான் இதைச் செய்தேன். ஐந்து மாதத்தில் 11.9 ஆனது.

பின்சேர்க்கை: "களிக்குப் புளிக்குழம்புதானே ஊற்றுகிறோம், அது போதாதா?" என்று இருவர் கேட்டிருந்தார்கள். புளிப்பு இருந்தாலும் புளியில் வைட்டமின் சி மிகவும் குறைவு. களிக்குப் பக்கத்தில் ஒரு பச்சை நெல்லிக்காய் வையுங்கள். கிருஷ்ணகிரி பக்கம் மாங்காய்க் காலத்தில் இரண்டு கீற்று மாங்காயே போதும்.

இன்னொரு பின்சேர்க்கை: தளியிலிருந்து ஒரு தங்கை, மார்கழியில் ஒரு நாளாகியும் முளை வரவில்லை என்று எழுதியிருந்தார். அந்தக் குளிருக்கு ஒன்றரை நாள், இரண்டு நாள்கூட ஆகும். மூட்டையை அடுப்பங்கரையில், சூடு ஆறிக்கொண்டிருக்கும் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்து, துணி காய்ந்தால் மட்டும் தண்ணீர் தெளியுங்கள்.