மண்பாதையில் உளறிய ஜிபிஎஸ்

தார்ச்சாலையில் என் காரின் ஜிபிஎஸ் சமர்த்து. மண்பாதையில் இறங்கினால் உளறும்: நான் காட்டுக்குள் இருக்க, பக்கத்துச் சாலையில் போவதாகக் காட்டும். சிக்னல் கோளாறு என்றே நினைத்திருந்தேன். இல்லை. அதன் வரைபடத்தில் அந்தப் பாதையே கிடையாது. அதனால் அருகிலுள்ள சாலையோடு வண்டியை ஒட்டவைத்துவிடுகிறது.

புதிதாக ஒன்று வாங்க நினைத்து, அப்புறம் பழைய போனையே எடுத்தேன். சிம் இல்லாவிட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும். வரைபடத்துக்குத்தான் நெட் வேண்டும். தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் இலவச வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை, மேடுபள்ளம் காட்டும் சமவுயரக் கோடுகளோடு வீட்டிலேயே இறக்கிக்கொண்டேன். முக்கியமாக, வண்டி வந்த தடத்தைக் கோடாகப் பதிவு செய்யும் ஆப் ஒன்றையும் போட்டுக்கொண்டேன். பாதை திடீரென்று முடிந்துபோன ஒரு நாள், அந்தத் தடக் கோட்டைப் பிடித்தே திரும்பினேன். வெயிலில் போன் சூடாகி அணைந்தது. ஏசி காற்று படும் இடத்துக்கு மாற்றியதும் சரியானது. தார்ச்சாலைக்கு இன்னும் காரின் ஜிபிஎஸ்தான்.